ரெண்டு தீபாவளி உள்ளே

'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்த படம். இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஆனா போன வாரம் தேதிகளை வரிசையா எழுதிப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சது. அந்த மூணுல ரெண்டு தீபாவளிக்கு எம்.கே.தியாகராஜ பாகவதர் ஜெயில்ல இருந்திருக்கார்!

படம் வந்தது 1944 தீபாவளிக்கு. நவம்பரில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில்தான் விடுதலை. அதுவரைக்கும் உள்ளே கைதி. வெளியே அதே ஆள் குதிரை மேல உட்கார்ந்து பாடிக்கிட்டு வர்றார், ஜனங்க டிக்கெட் வாங்கிப் பார்க்குறாங்க. ஊர்ல பாதிப் பேர் தலையில பாகவதர் கிராப் வேற.

விடுதலையாகி வந்து நடிச்ச படம் 'ராஜமுக்தி' (1948). ஓடலை. அவரே இயக்கிய 'புது வாழ்வு' (1957). அதுவும் ஓடலை. பேரைப் பாருங்க, பாவம் :-( ஜெயிலுக்குப் போனதாலதான் மார்க்கெட் போச்சுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். கூடவே உள்ளே போன கலைவாணர் வெளியே வந்து 'நல்லதம்பி', 'மணமகள்'னு அசத்தலையா? மாறினது சினிமா. பின்னணிப் பாட்டு வந்தாச்சு, நடிகருக்குக் குரல் வேண்டியதில்லை. 1952-ல 'பராசக்தி' வந்தப்புறம் ஜனங்க பாட்டை விட்டுட்டு வசனத்தை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. 'பவளக்கொடி' (1934) காலத்துல பாட்டாலேயே ஜெயிச்ச மனுஷன் என்ன பண்ணுவார்?

1959 நவம்பர் 1-ல் இறந்தார். வயசு 49. கடைசிப் படம் 'சிவகாமி' அடுத்த வருஷம்தான் வந்தது.

எங்க பாட்டி 'ஹரிதாஸ்' படத்தை எத்தனை தடவை பார்த்தாங்கன்னு அவங்களுக்கே கணக்கு தெரியாது. பிற்காலத்துல ஒருநாள் டிவியில 'புது வாழ்வு' பத்தி ஏதோ சொன்னாங்க. "அதைப் பார்த்தியா பாட்டி?"ன்னு கேட்டேன்.

"வந்துச்சு, போகலை. அவரை அப்படிப் பார்க்க மனசு வரலைடா"ன்னாங்க.

அப்படின்னா எப்படி? கேட்டிருக்கணும். கேட்கலை.