ஒரு வாரத்திற் பிறந்த மலை

இத்தாலியிலே பொற்சுவோலி என்னுந் துறைமுக நகரை அடுத்துள்ள எரிமலை மொந்தே நுவோவோ. "புதுமலை" என்பது அப்பெயரின் பொருள். உயரம் 133 மீற்றர்.

1538 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியிலே நிலம் உயர்ந்தது, கடல் பின்வாங்கிற்று. கரையிற் கிடந்த மீன்களை மக்கள் அள்ளினர். 29 ஆம் நாள் வெடிப்புத் தொடங்கிற்று. திரிப்பேர்கோலே என்னும் ஊர் புதையுண்டது. ஒக்டோபர் 6 இல், மலை அடங்கிற்றென எண்ணி ஏறியோருள் 24 பேர் மாண்டனர்.

1982 முதல் 1984 வரை அந்நகரின் நிலம் ஏறக்குறைய 1.8 மீற்றர் உயர்ந்தது, பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர், வெடிப்போ நிகழவில்லை. 2005 முதல் நிலம் மீண்டும் உயர்கின்றது.

ஆதலால் நிலவுயர்வு வெடிப்பை உறுதிசெய்வதன்று, அமைதி காவலுமன்று. இவ்விரண்டிற்கும் இடையிலேயே அந்நகரத்தார் வாழ்கின்றனர்.