மன்னார் தொட்டு மாத்தளை வரை

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இன்றைய விமானம் அதை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ, இராமநாதபுரம், மதுரை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து ஆட்களைத் திரட்டிய கங்காணியின் பின்னே புறப்பட்ட ஏழைக் குடியானவர்கள், சொந்த ஊரிலிருந்து கரைவரை நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் மறுபடியும் நடந்தார்கள். நீர் அரிதான அக்காட்டுப் பாதையில் வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் எத்தனையோ பேரை விழுங்கின.

காடு முடிந்து மலை தொடங்கும் வாசலாக மாத்தளை அமைந்திருந்தமையால், உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் இங்கே இளைப்பாறிய பின்னரே தோட்டந்தோட்டமாகப் பிரிக்கப்பட்டனர். அவர்கள் வழிபட்ட மாரியம்மனுக்கு இன்று மாத்தளை நகரில் பெருங்கோயில் விளங்குகிறது. மாசி மகத்தில் அங்கே ஐந்து தேர்கள் ஓடுகின்றன.

கோப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் வந்த வழியே ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. வந்தவர்களும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலேயே நிலைத்தனர். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் போக்குவரத்துத் தொடங்கவே, நெடுநாள் துன்பம் சில நாட்களாகச் சுருங்கிற்று. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண் பொறித்த சிறு தகர வில்லையொன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டவரால் கையில் காசில்லாமலே பிரயாணம் செய்ய முடிந்தது. எனினும் வழிச்செலவும் கங்காணி கொடுத்த முன்பணமும் கடனாக ஏறி, தோட்டத்தை விட்டு அவர் நகரவொட்டாமல் தடுத்தன.

1947 டிசம்பரில் ஏர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. கடல் இவ்வாறு சுருங்கிய மறு ஆண்டிலேயே இயற்றப்பட்ட இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தமிழர் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கடவுச்சீட்டென ஒன்றை அறியாத பாட்டனார் கால்நடையாக வந்த தேசத்தில், அங்கேயே பிறந்த பேரன் தன் பிறப்புக்கும் தந்தையின் பிறப்புக்கும் அத்தாட்சி தேடி அலைய வேண்டியதாயிற்று. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலோ இலட்சக்கணக்கானோர் இந்தியாவில் தாம் காணாத ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர்.

தோட்டத் தமிழரின் முன்னோர் இலங்கைக்கு வரத் தொடங்கியதன் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து அவர்களின் வழிவந்த மலையக மக்கள் பழைய தடத்திலேயே நடந்து, பதினாறாம் நாள் மாத்தளையை அடைந்தனர். முன்னோருக்கு அஞ்சலி செலுத்தியதோடு அவர்கள் அமையவில்லை. காணியும், நியாயமான ஊதியமும், ஏனைய பிரஜைகளோடு சமமான உரிமையும் கேட்டார்கள். இவ்வளவு வாகன வசதி பெருகிய பின்னும், அந்த உரிமைக்கான பாதி வழியைக்கூட அரசாங்கங்கள் இன்னும் கடக்கவில்லை என்பதே அந்நடையின் குற்றச்சாட்டு.