ருத்ரா, 1998: உறுமலுக்கு ஒரு பெயர்

போன மாசம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். சூசைட் சைலன்ஸ் என்கிற அமெரிக்க டெத்கோர் குழுவின் முதல் ஆல்பம், ‘தி க்ளென்சிங்’, 2007. இரண்டு நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். “நம்ம ஆளுங்க யாராவது இப்படிப் பாடியிருக்காங்களா மாமா?” என்றான். கிண்டலாகத்தான் கேட்டான். எனக்கு ஒரு வாரத் தேடலாகிப் போச்சு.

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம். டெத் மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்தது டெத்கோர். உறுமலும் வேகமும் டெத் மெட்டலின் சொத்து. பாட்டு நடுவே வேகம் சட்டென்று இறங்கி, கனமாக இடிக்கிறதே, அந்த ‘பிரேக்டவுன்’ ஹார்ட்கோரிலிருந்து வந்தது. 2000க்குப் பிறகுதான் இது தனி வகையாக நிலைத்தது. அதன் தாய்வகையான டெத் மெட்டலில் தேடினால், தமிழர்கள் தொடங்கிய ஒரு குழுவின் முதல் ஆல்பம் கிடைக்கிறது: ‘ருத்ரா’, சிங்கப்பூர், 1998. குழுவின் பெயரும் அதேதான்.

குழு தொடங்கியது 1992ல். கதிர் பாடகர், பேஸ் கிடாரும் அவரே. டிரம்ஸில் சிவா. சிங்கப்பூரில் அப்போது இந்த இசைக்கு நல்ல பெயர் கிடையாது. மேடை முன்னால் முட்டிமோதி ஆடும் ஸ்லாம் டான்ஸுக்கே தடை வந்த காலம். அதே 1992ல்தான் நார்வேயில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அங்கே பிளாக் மெட்டல் இளைஞர்கள் சிலருக்குத் தங்கள் ஊர் மதமே எதிரி. சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன்களோ அதே ஆவேசமான இசையை எடுத்துக்கொண்டு, வீட்டில் கேட்ட சாமி பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள். ஆங்கில வரிகளோடு சமஸ்கிருதம் சேர்ந்தது. பின்னாளில் ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் சிக்கல். வேத மந்திரத்துக்கு உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று ஏற்ற இறக்கம் உண்டு. யார் ஓதலாம், எப்படி ஓதலாம் என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்த சமாச்சாரம். அதை எலெக்ட்ரிக் கிடாரோடு உறுமுவது சரியா? அக்கா கேட்டதும் இதேதான்: “சாமி பேரை வெச்சுக்கிட்டு இப்படியா கத்துவாங்க?”

அக்காவுக்கு நான் சொன்ன பதில்: ‘ருத்’ என்ற வேருக்கு அழு, அலறு என்று பொருள். பிறந்ததும் அழுததால் ருத்ரன் எனப் பெயர் வந்ததாக சதபத பிராமணத்திலேயே கதை இருக்கிறது. டெத் மெட்டல் உறுமலில் வழக்கமான குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிரும். பேச்சுக் குரல் மறைந்து அலறல் மட்டும் நிற்கும். அந்தப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான குரல் எது?

இன்னொரு கேள்விக்கு என்னிடம் அவ்வளவு சுலபமான பதில் இல்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அப்புறம் ஏன் சமஸ்கிருதம்? 2001ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் ‘தி ஆர்யன் க்ருசேட்’. ‘ஆரிய’ என்றால் மேன்மையானது என்று வேதாந்தப் பொருள் சொல்லலாம். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு நூறு வருஷச் சண்டை இருக்கிறது. அந்தத் தலைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் 2009ல் இந்தக் குழுவை வைத்தே அங்குள்ள தென்னிந்தியர்களின் அடையாளச் சிக்கலைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார்.

குழுவும் அந்தப் பாதையை விடவில்லை. 2005, 2009, 2011 என மூன்று ஆல்பங்களாக ‘பிரம்மவித்யா’ வரிசை வந்தது. கதிர் வேதாந்தம் கற்பிக்கும் ஆசிரியராகவும் ஆனார். முதல் ஆல்பத்தின் பெயர் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு இது போதும்.

பிரதோஷத்தன்று பழமலைநாதர் கோயிலில் ருத்ரம் ஓதிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பையன் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். வெளியே வந்ததும், “அந்த சிங்கப்பூர் ஆல்பம் பேரை வாட்ஸ்அப்ல அனுப்பு மாமா” என்றான். அனுப்பிவிட்டேன். அக்காவுக்குத் தெரியாது.