பூடங்களில் கூடும் கதைகள்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் தெய்வக்கூட்டம்

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுப் பகுதியில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், ஆற்றை ஒட்டி இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள்களிலேயே தென்மாவட்டக் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து காட்டுக்குள் குடில்போட்டுத் தங்கிவிடும். அவர்கள் கும்பிட வருவது ஒரு சாமியை அன்று. பூரணை புட்கலையோடு அய்யனார், மகாலிங்கம், கும்பமுனியாகிய அகத்தியர், சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, பேச்சியம்மன், தளவாய் மாடன், தூசி மாடன், சுடலை மாடன், கரடி மாடசாமி, இருளப்பன், பட்டவராயன் என ஒரு பெருங்கூட்டம் அங்கே நிலையம் கொண்டிருக்கிறது. அகத்தியர் புராணத்திலிருந்து வந்தவர். சங்கிலி பூதத்தாரின் கதை பாற்கடல் கடைந்த காலத்தில் தொடங்குகிறது. பட்டவராயனோ மாடு மீட்கப் போய் குத்துப்பட்டுச் செத்த மனிதன். இவர்களுள் பெரும்பாலோர் எந்தக் கதைப்பாடலிலும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவர்களை ஒரே உலகத்து மாந்தராக்குவது எது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் வினா. கதை அவர்களைச் சேர்க்கவில்லை, கோயில்தான் சேர்த்தது. சேர்த்த பிறகே கதை தன் முன்னையும் பின்னையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெவ்வேறு கதைகளின் மாந்தரை ஒரே களத்தில் இறக்கும் புனைவு இன்று வீடியோ கேம்களால் உலகெங்கும் பழகிப்போன ஒன்று. 2002-இல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ டிஸ்னி படங்களின் உலகங்களையும் ஜப்பானிய விளையாட்டு மாந்தரையும் இணைத்தது. அதில் ஒவ்வொரு படமும் தனித்தனி உலகமாகவே இருக்கும்; சோரா என்னும் சிறுவன் ஓர் உலகிலிருந்து இன்னோர் உலகுக்குப் பயணம் போகிறான், அந்தப் பயணமே கதை. 2015-இல் தொடங்கிய ‘ஃபேட்/கிராண்ட் ஆர்டர்’ வேறு வழியைக் கையாண்டது. செத்துப்போன வீரர்கள், எந்த நாட்டவராயினும் எந்த நூற்றாண்டினராயினும், வாள்வீரன், வில்லாளி, ஈட்டிக்காரன் போன்ற வகுப்புகளில் ஒன்றை ஏற்று அழைப்புக்கு வந்து நிற்பார்கள். கர்ணனும் அர்ஜுனனும் இராமனும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. நெல்லைத் தெய்வங்களின் அமைப்பு முன்னதைவிடப் பின்னதற்கே நெருக்கம். இங்கும் பலருக்குச் சேர்க்கைக்குத் தகுதி சாவு. சேர்ந்தவருக்குக் கிடைப்பது ஒரு பொறுப்பு. அவர் வருவது அழைப்புக்கு. ஆனால் விளையாட்டில் இந்த விதிகளை ஒரு நிறுவனம் எழுதிவைக்கிறது. தாமிரபரணிக்கரையில் அவற்றை எழுதியவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது.

பட்டவராயனின் கதை ‘முத்துப்பட்டன் கதை’ என்ற பெயரில் வில்லுப்பாட்டாக வழங்குவது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்த கதைப்பாடல்களுள் அதுவும் ஒன்று. அந்தணனாகிய முத்துப்பட்டன் தமையன்மாரோடு பிணங்கி மலை கடந்து கொட்டாரக்கரை அரசனிடம் வேலைக்குச் சேர்கிறான். தமையன்மார் தேடிவந்து அழைத்துப்போகும் வழியில், பாபநாசத்து மலையில், இரு பெண்களின் பாட்டொலி கேட்டு நின்றுவிடுகிறான். அவர்கள் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவும் திம்மக்காவும். பெண் கேட்டு வந்தவனிடம் பகடை கேட்கும் விலைதான் கதையின் உயிர்நிலை: பூணூலை அறுக்க வேண்டும், குடுமியைக் களைய வேண்டும், தோல் பதமிட்டுச் செருப்புத் தைக்க வேண்டும். முத்துப்பட்டன் அத்தனையும் செய்கிறான். தடுக்கப் பார்த்த தமையன்மாரின் காவலையும் உடைத்துக்கொண்டு வருகிறான். மணமான சூட்டிலேயே மாடு கவர வந்தவர்களோடு பொருது, வென்ற பின் வஞ்சகமாகக் குத்துப்பட்டு மாள்கிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள். காதலுக்காகச் சாதியை விட்டவர்களின் கதைகள் தமிழில் பல இருந்தாலும், மேல்சாதிக்காரன் கீழிறங்கி வந்து அந்தத் தொழிலையே கையால் செய்துகாட்டுவதாகச் சொல்லும் கதை அரிது.

சுடலை மாடனின் கதை இதற்கு முற்றிலும் மாறான போக்குடையது. அவன் பிறப்பு கயிலாயத்தில், விளக்கின் சுடர் பார்வதியின் முந்தியில் விழுந்ததால் நேர்கிறது. பிள்ளை இரவில் தொட்டிலிலிருந்து இறங்கிப்போய்ச் சுடுகாட்டில் பிணம் தின்கிறது. பிணம் தின்றவனுக்குக் கயிலையில் இடமில்லை என்று சிவன் வரம் கொடுத்துப் பூமிக்கு அனுப்புகிறார். மலையாள நாட்டில் பகவதி கோயில் புதையலுக்குக் காவல் நிற்கையில் அதைக் கவர்ந்த மந்திரவாதி காளிப்புலையனோடு பகை மூள்கிறது. புலையன் மகள் மாவிசக்கியைச் சீரழித்து, நிறைசூலியான அவளையே தகப்பன் கையால் பலியாக வாங்கி, கடைசியில் அவனையும் கொல்கிறான். கேட்போரை நடுங்கவைக்கும் இந்தப் பகுதியைப் பாடகர்கள் மழுப்புவதில்லை. சுடலையிடம் நீதியை எதிர்பார்ப்பவர் குறைவு. அவன் வல்லவன் என்பதாலேயே காவலுக்கு வைக்கப்படுகிறான்.

இரண்டு கதைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்தைத் தொட்டு மீள்கின்றன. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் முடிகின்றன. ஆயினும் முத்துப்பட்டன் போராடும் காட்டில் சுடலை தலைகாட்டுவதில்லை, சுடலையின் பகையில் பட்டனுக்குப் பங்கில்லை. கோயிலில் பக்கத்துப் பக்கத்து நிலையத்தார். கூட்டுப்புனைவு எழுதும் இன்றைய கதாசிரியர் எவரும் இவ்விருவரையும் மோதவிடாமல் இருந்திருப்பாரா என்பது ஐயம். வில்லுப்பாட்டுப் புலவர்கள் அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை. நடுக்கதையைத் தொடாமல் இரு ஓரங்களில் மட்டும் கைவைத்தார்கள். முன்னோரத்தில் கயிலாயக் காட்சி: நாயகன் சிவனிடமிருந்து வருகிறான். பின்னோரத்தில் வரமும் நிலையமும்: செத்தவன் மீண்டும் சிவனிடம் போய் வரம் வாங்கி, இன்ன கோயிலில் இன்னாருக்கு அடுத்து இருக்கக் கடவான் என்ற ஆணையோடு இறங்குகிறான். முத்துப்பட்டன் பட்டவராயனாகச் சொரிமுத்து அய்யனிடம் வந்து சேர்வது இப்படித்தான்.

இந்த ஓரத்தையலுக்கு ஒரு விலை உண்டு. சாவுதான் மூலம் என்று கொண்டால் முத்துப்பட்டன் சாதியை மீறியதால் தெய்வமானவன். கயிலாயம்தான் மூலம் என்று கொண்டால் அந்த மீறல் முன்பே விதித்த திருவிளையாடலாகிவிடுகிறது. பொம்மக்காவையும் திம்மக்காவையும் காட்டில் கண்டெடுத்த மேற்குலப் பிள்ளைகளாக்கும் வடிவங்களும் உண்டு. அவற்றில் பகடை கேட்ட விலையின் கூர்மை மழுங்கிப்போகிறது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வில் இக்கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பகுத்தார்; ஒரு வழிபாடு தன் ஊரைத் தாண்டிப் பரவப் பரவச் சாவின் அழுத்தம் குறைந்து தெய்வப்பிறப்பு மேலோங்கும் என்பதும் அவர் கருத்து. பொதுப்போக்கு என்ற அளவில் இது ஏற்கத்தக்கது. ஆனால் ஊர் தாண்டி ஆடி அமாவாசைக்கு ஆயிரமாயிரம் பேரை ஈர்க்கும் பட்டவராயனிடம் சாவு மறைந்துவிடவில்லை. அவன் சன்னிதியில் இன்றும் தொங்குவது தோல் செருப்பு. நேர்ந்துகொண்டவர்கள் புதுச்செருப்புச் செய்து காணிக்கையாகக் கட்டுகிறார்கள். பட்டவராயன் இரவில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதாகவும், அதனால் அது தேய்ந்திருப்பதாகவும் நம்புகிறார்கள். பாடலில் மழுங்கடித்ததைக் காணிக்கை கூர்மை குன்றாமல் வைத்திருக்கிறது.

பெண்தெய்வமான இசக்கியின் வரவு இன்னொரு வகை. அவள் கதையாக வழங்கும் நீலி கதைக்கு உரிய ஊர் பழையனூர். அது தென்கோடியில் இல்லை, வடக்கே திருவாலங்காட்டின் பக்கம் உள்ளது. வஞ்சித்துக் கொன்றவனை மறுபிறவியில் பழிவாங்க, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவிபோல் பின்தொடரும் நீலியும், அவளை நம்பிக் கெட்டு, கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கிய எழுபது வேளாளரும் தமிழகம் அறிந்தவர்கள். தெற்கே இருந்த இசக்கி வழிபாடு இந்தக் கதையை இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டது. முப்பந்தலில் அவளுக்குப் பேர்பெற்ற கோயில் இருக்கிறது; நெல்லைச் சீமையின் மாடன் கோயில்கள் பலவற்றில் அவளுக்கும் ஒரு பூடம் உண்டு. பட்டவராயனுக்குக் கதை முதலில், இடம் பிறகு. இசக்கிக்கோ இடம் முதலில், கதை பிறகு.

பூடம் என்று ஊரில் சொல்லும் பீடமே இந்தச் சேர்க்கையை எளிதாக்கிய பொருள். செங்கல்லும் காரையும் கொண்டு கட்டி, கீழே அகன்று மேலே போகப்போக ஒடுங்கும் சதுரத் தூண் அது. வெள்ளையடித்து, கொடை என்னும் கோயில் விழாதோறும் சந்தனமும் மாலையும் சாத்தினால் போதும். முகம் வேண்டியதில்லை, ஆயுதம் வேண்டியதில்லை, ஆகமம் வேண்டியதே இல்லை. சிலை செய்து பிரதிட்டை பண்ண ஆகும் செலவுக்கு ஒரு தெருவுக்கே பூடம் கட்டிவிடலாம். எனவே புதிதாக ஒருவரைச் சேர்ப்பது எளிது. மாடன் கோயிலில் தம்பி முண்டனுக்கொன்று, பேச்சிக்கொன்று, பிரம்மசக்திக்கொன்று, இசக்கிக்கொன்று என வரிசை நீளும். அகாலத்தில் செத்த குடும்பத்து ஆள் ஒருவர் கனவில் வந்து கேட்டால் கடைசியில் இன்னொன்று. மொத்தம் இருபத்தொரு தெய்வங்கள் என்பது வாய்ப்பாடு. எந்த இருபத்தொன்று என்று கேட்டால் கோயிலுக்குக் கோயில் பட்டியல் வேறுபடும். எண் மட்டும் மாறுவதில்லை.

பரவலுக்கு வழி பிடிமண். இடம்பெயரும் குடும்பம் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய்ப் புது ஊரில் நிலையம் போடுகிறது. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரியின் சுடலை பல ஊர்களுக்குப் போனது இப்படித்தான். போன ஊரில் ஏற்கெனவே இருந்த தெய்வங்களோடு அவன் சேர்கிறான். அங்கிருந்து மீண்டும் மண் எடுக்கும்போது அந்தக் கூட்டம் முழுதும் கிளம்புகிறது.

கொடை இரவில்தான் இந்தக் கூட்டுலகம் உயிர்பெறுகிறது. பனைமரத்தில் செய்து மணி கட்டிய வில், அதன் அடியில் குடம், பக்கத்தில் உடுக்கும் தாளமும் கட்டையும். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாட, பின்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போடுவார். சுடலை கோயிலென்றால் கணியான் கூத்தின் மகுடமும் முழங்கும். முதன்மைத் தெய்வத்தின் கதை நீளமாக வரும், மற்றவர்களின் கதைகள் சுருக்கமாக, நேரம் இருந்தால். ஆனால் சாமக்கொடையில் தெய்வங்களை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது ஒருவரும் விடுபடலாகாது. அந்தந்தத் தெய்வத்தின் பேர் சொல்லி அழைக்க அழைக்க அதனதன் சாமியாடி எழுந்து ஆடுவார். சங்கிலி பூதத்தாருக்கு ஆடுபவர் இரும்புச் சங்கிலியால் தன் மார்பில் அடித்துக்கொள்வார், சுடலைக்கு ஆடுபவர் தீப்பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்புவார். கதைகளில் சந்திக்காதவர்கள் ஒரே முற்றத்தில் முட்டி மோதி, ஒருவருக்கொருவர் திருநீறு பூசி, சில வேளை முறைத்தும் கொள்வது அப்போதுதான்.

ஒன்றாக இருப்பதால் ஒன்றாகிவிடவில்லை. அய்யனாருக்குச் சைவப் படையல். மாடனுக்கும் பேச்சிக்கும் கிடாயும் சேவலும். பலி நடக்கையில் அய்யனார் முன் திரை இடும் வழக்கம் பல அய்யனார் கோயில்களில் உண்டு. மூலவருக்கு எத்தனை அடி தள்ளி எந்தத் தெய்வம், எது உள்ளே, எது எல்லையில் என்பதில் ஊரின் சாதி அடுக்கு அப்படியே தெரியும். கயிலாயத்தில் எல்லாரும் சிவனின் பிள்ளைகள். வளாகத்தில் அந்தச் சமத்துவம் நடைமுறைக்கு வரவில்லை.

யார் சேரலாம் என்பதை இறுதியில் தீர்மானிப்பது வரி. கொடைச் செலவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரியைச் செலுத்துபவரே கோயிலில் உரிமையுடையவர். அவர்கள் கூடிச் சம்மதித்தால் புதுப் பூடம் எழும். பங்காளிச் சண்டையில் ஒரு பிரிவு விலகினால் பிடிமண்ணோடு தங்கள் தெய்வத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். அதன் பிறகு பழைய கோயில் கொடையில் அந்தத் தெய்வத்தின் பேர் வரத்தில் வருமா வராதா என்பதைப் புலவர் தானாக முடிவு செய்வதில்லை. கொடையைத் தொடங்கிவைக்கும் குடியழைப்பு அன்றே ஊர்ப்பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.