பசுமை அரேபியாவும் அதன் பழைய நீரும்

அரேபியா என்றதும் நம் மனக்கண்முன் எழுவது மணல்வெளியே. அம்மணல் என்றென்றும் அங்கே கிடந்ததென எண்ணுவதும் நம் வழக்கம். ஆயின், சவூதி அரேபியாவின் ஹாயில் மாகாணத்தில், நஃபூத் பாலைவனத்திலுள்ள ஜுப்பா என்னும் ஊர் வேறொரு செய்தியைச் சொல்கிறது. அவ்வூர் அமைந்திருப்பதே வற்றிப்போன ஒரு பண்டைய ஏரியின் படுகையில்தான். அருகிலுள்ள பாறைகளில் நீண்ட கொம்புடைய மாடுகள் செதுக்கப்பட்டுள்ளன. தெற்கே ஷுவைமிஸ் பாறைகளிலோ சிங்கங்களும் வேட்டைநாய்களும் காணப்படுகின்றன. இவ்விரு இடங்களையும் யுனெஸ்கோ 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மாடு புல்லும் நீருமின்றி வாழாது. அதைச் செதுக்கிய கைகள் பாலையை அறிந்த கைகள் அல்ல.

இம்மாற்றத்தின் காரணம் வானில் இருக்கிறது. சுழலும் பம்பரம் தலையசைப்பதுபோல் பூமியின் அச்சும் மெல்ல அசைகிறது. ஒரு சுற்று முடிய 20,000 ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று பூமி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரியில். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரோ அது வடபகுதியின் கோடையில் நிகழ்ந்தது. அப்போது கோடை வெயில் கடுமையாகி, சூடேறிய நிலம் பருவமழைக் காற்றை வடக்கே இழுத்தது. வெயில் மிகுந்தால் வறட்சிதான் மிகும் என்று நினைக்கும் நமக்கு இது வியப்பே! பின்னர் அச்சு திரும்ப, மழையும் படிப்படியாகத் தெற்கே விலகிற்று. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஏரிகள் வற்றத் தொடங்கின.

இது ஒருமுறை மட்டும் நடந்ததன்று. நஃபூதின் ஏரிப்படிவுகள் 4,00,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பசுமை பலமுறை வந்துபோனதைக் காட்டுவதாக 2021இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

அரபு நிலம் மேய்ச்சல்வெளிகளும் ஆறுகளுமாக மீளும் என்ற கருத்துடைய நபிமொழி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ‘மீளும்’ என்ற சொல்லைப் பலர் அறிவியற் சான்றாக எடுத்துக்காட்டுவர். மறுமை நாளின் அடையாளத்தைப் பேசும் அம்மொழியை விவாதப் பொருளாக்க நாம் முற்படவில்லை. பசுமை போனபின் எஞ்சியது என்ன என்பதே நம் கேள்வி.

எஞ்சியது நிலத்தடி நீர். மழைக்காலங்களில் பாறையடுக்குகளில் இறங்கிய அந்நீர் இன்றைய சிறுமழையால் ஈடுசெய்யப்படுவதில்லை. பேரீச்சந் தோப்பு, கிணறு, ஒட்டகம் என வறட்சிக்கேற்ற வாழ்வைக் கண்ட முன்னோர் அதை அளவறிந்து இறைத்தனர். நம் காலத்தில் நடந்ததோ வேறு. 1980களில் அரசு மானியத்துடன் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. 1990களின் தொடக்கத்தில், ஆறே இல்லாத சவூதி அரேபியா உலகின் முன்னணிக் கோதுமை ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக விளங்கிற்று. பாலையை வென்றதாக அன்று பெருமை பேசினர். உண்மையில் செலவானது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மழை. 2008இல் அரசே கோதுமைக் கொள்முதலைக் குறைக்க முடிவெடுத்து, 2016இல் நிறுத்திற்று. பிற்பாடு வரம்புக்குட்பட்டே மீண்டும் அனுமதித்தது. கிழக்கே அல்-அஹ்ஸாச் சோலையில் தாமாகவே பொங்கி வழிந்த ஊற்றுகளின் நீரை இன்று இயந்திரங்கொண்டு இறைக்கிறார்கள்.