பச்சைக்குள் மறைந்த நீலம்

‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் நம் நாட்டுக் கடைவீதிகளில் விற்கப்படும் சிறு கிளிகளை நாம் அனைவரும் அறிவோம். ஒரே கூண்டில் பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, சாம்பல் எனப் பல நிறத்தில் அவை அமர்ந்திருக்கக் காண்போர், வெவ்வேறு சாதிப் பறவைகளைச் சேர்த்து அடைத்திருப்பதாகவே எண்ணுவர். உண்மை அதுவன்று, அவை யாவும் ஓரினமே. வழங்கும் பெயரும் பொருந்தாப் பெயரே. அப்பெயருக்கு உரியது ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறொரு கிளியினம். நம் கூண்டிலிருப்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். ஓரினப் பறவைக்கு இத்தனை நிறங்கள் எவ்வாறு வாய்த்தன, அவற்றை எங்ஙனம் இனங்காண்பது என்னும் வினாக்களுக்கு விடை காண, ஏறத்தாழ 180 ஆண்டு வரலாற்றை நாம் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளிகளில் நீரும் புல்விதையும் நாடிப் பெருங்கூட்டமாக அலைவது இப்பறவையின் இயல்பு. அங்கே அதற்கு நிறம் ஒன்றே. பச்சை உடல், மஞ்சள் முகம், பிடரியிலும் சிறகிலும் கரிய வரிகள், தொண்டையில் கரும்புள்ளிகள், நீலம் படர்ந்த வால் என்பன அதன் அடையாளங்கள். 1805ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனை முதன்முதலாக விவரித்தார். 1840இல் பறவையியல் அறிஞர் ஜான் கூல்டு உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். கூண்டிலும் தயக்கமின்றி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இயல்புடையதாதலால், சில பத்தாண்டுகளில் இது ஐரோப்பிய இல்லங்களில் நிலைகொண்டுவிட்டது.

நிறம் மாறிய குஞ்சு காட்டிலும் பிறப்பதுண்டு. ஆயின் பச்சைக் கூட்டத்தின் நடுவே அது தனித்துத் தெரியுமாதலால், வல்லூற்றின் கண்ணுக்குத் தப்புவது அரிது. கூண்டிலோ, எந்த வேற்றுமை காட்டில் அதற்குக் கேடாகுமோ அதுவே காப்பாக அமைந்தது. வளர்ப்போர் அதனைப் போற்றிப் பெருக்கினர். 1870களில் ஐரோப்பாவில் மஞ்சள் பறவைகள் தோன்றின. 1880ஆம் ஆண்டை ஒட்டிப் பெல்ஜியத்தில் வான்நீலப் பறவை தோன்றியது. எனினும் 1910இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோதுதான் ஆங்கிலேய மக்கள் அந்நீலத்தைக் கண்டு வியந்தனர். 1915இல் பிரான்சில் அடர்பச்சை தோன்றியது. அதன் வழியாகக் கோபால்ட் என்னும் ஆழ்ந்த நீலமும், மோவ் என்னும் மங்கிய ஊதா கலந்த சாம்பலும் பின்னர்க் கிடைத்தன.

1920களின் நடுவில் ஜப்பான் நாட்டில் இப்பறவைமீது பெருமோகம் மூண்டது. செல்வர்கள் நீலப் பறவைகளை அன்பளிப்பாக வழங்கத் தலைப்பட்டனர். ஐரோப்பாவில் ஓர் இணையின் விலை நூறு பவுனையும் கடந்தது. பலரும் வாங்கினர், வாங்கி வளர்த்தனர், அப்பத்தாண்டு முடிவதற்குள் விலை சரிந்தது. இவ்வியாபாரத்தில் ஒரு நுட்பம் இருந்தது. அருமையாக வாங்கிய நீலப் பறவையைக் கலப்பற்ற பச்சைப் பறவையோடு இணைத்தால், குஞ்சுகள் அனைத்தும் பச்சையாகவே பிறக்கும். போட்ட பணம் வீணாயிற்று என்று அவற்றை விற்றவன், தன் நீலத்தையும் சேர்த்தே விற்றவனாவான்.

இதனை விளக்கியவர் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹன்ஸ் டுங்கர். கார்ல் கிரேமர் என்னும் செல்வரின் பறவைக் கூடங்களில், 1920களில் அவர் கலப்பாய்வுகளை நடத்தினார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதி இங்கும் பொருந்துவதைக் கண்டார். நீலம் பின்தங்கும் பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றாலன்றி அது வெளிப்படாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குஞ்சு பச்சையாகத் தோன்றி, நீலத்தை உள்ளே சுமந்து நிற்கும். இதனை வளர்ப்போர் ‘ஸ்பிளிட்’ என்பர். அத்தகைய இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளுக்கு ஒன்று நீலமாகும். எஞ்சிய மூன்றும் பச்சையே. அவற்றுள் இரண்டு நீலத்தைச் சுமப்பவை, ஒன்று சுமவாதது. எது எது என்பதைக் கண் காட்டாது.

கண் காட்டக்கூடியவற்றை இனிக் காண்போம். இறகில் உள்ள சாயங்கள் இரண்டே: ஒன்று மஞ்சள், மற்றொன்று கருமை. நீலச் சாயம் என்று ஒன்று இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதாலும், பின்னே கருமை நிற்பதாலும் நீலம் தோன்றுகிறது. நீல இறகை நசுக்கினால் நீலம் மறைந்துவிடும். அந்நீலத்தின்மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. மஞ்சள் நீங்கினால் நீலம். கருமை நீங்கினால் மஞ்சள். இரண்டும் நீங்கினால் வெள்ளை. ஆதலின் பறவையைக் கண்டவுடன் முகத்தை நோக்குதல் நன்று. பெரும்பாலும் மஞ்சள் முகம் பச்சை வரிசையையும், வெண்முகம் நீல வரிசையையும் காட்டும். நீல உடலோடு மஞ்சள் முகம் கொண்ட வகையும் உண்டு, அது விதிவிலக்கு.

அடுத்து வரிகளை நோக்க வேண்டும். அவை கறுப்பாயின் இயல்பு, பழுப்பாயின் ‘சின்னமன்’, சாம்பலாயின் ‘கிரேவிங்’. தோள்களின் இடையே வரிகள் மறைந்து உடல் நிறமே படர்ந்திருப்பின் ‘ஓப்பலைன்’. மஞ்சளில் ஐயம் எழுந்தால் கண்ணே சான்று: ‘லூட்டினோ’வின் கண் சிவந்தது, கருமை மங்கியதால் மட்டும் மஞ்சளான பறவையின் கண் கரியது. சின்னமன், ஓப்பலைன், லூட்டினோ ஆகியவை பால்வழி வருவன. பெண்பறவையிடம் இவை மறைந்திரா; உண்டெனில் வெளிப்பட்டே நிற்கும். ஆண்பறவைக்கு மட்டுமே மறைத்து வைக்கும் வாய்ப்பு உண்டு.

2017ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் நீலத்தின் மூலத்தையே கண்டறிந்து வெளியிட்டனர். மஞ்சள் சாயத்தை ஆக்கும் புரதம் ஒன்றில், ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியதே காரணமாம். பச்சைப் பறவையின் அந்த மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தியபோது, ஈஸ்ட்டும் மஞ்சள் சாயத்தை ஆக்கியது.

இவ்வரலாற்றில் கசப்பான பகுதியும் ஒன்றுண்டு. பறவைகளின் நிறக் கணக்கைத் தெளிவாக்கிய டுங்கர், மனிதரிலும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிக்கும் இனத்தூய்மைக் கொள்கையை ஆதரித்தவர். அக்கொள்கை ஜெர்மனியில் விளைத்த கொடுமைகளை உலகம் அறியும். தம் கூண்டுகளில் அவரே கண்ட உண்மையோ வேறு: தோற்றம் ஒன்றாயினும் உள்ளிருப்பது ஒன்றாகாது; தோற்றம் வேறாயினும் இனம் வேறாகாது. பறவை வாங்குவோர் நிறத்திற்கு விலை கொடுக்கின்றனர். பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல் கேட்டறிதல் நலம். ஏனெனில் பச்சைப் பறவை தன்னைப் பற்றிச் சொல்லாததை அதன் குஞ்சுகளே பின்னர்ச் சொல்லும்.