ஆறாவது எண்



மன்னர்க்கும் நாடுகட்கும் மட்டுமன்று, எண்களுக்கும் வரலாறு உண்டு. 429,49,67,297 என்னும் எண்ணின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன். இதில் எனக்கும் ஒரு கடன் தீர்க்க வேண்டியுள்ளது.

இரண்டின் முதல், இரண்டாம், நான்காம், எட்டாம், பதினாறாம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65,537 என வரும். ஐந்தும் பகா எண்கள். முப்பத்திரண்டாம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவதே நம் எண்.

பிரான்சு நாட்டுத் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பெர்மா என்னும் கணித மேதை, இவ்வரிசை எண்கள் யாவும் பகா எண்களே என்று 1640-இல் கருதினார். தம்மிடம் நிறுவல் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில் நான் அந்த நேர்மையைக் கைக்கொள்ளவில்லை. எங்கோ அரைகுறையாகப் படித்ததை நம்பி, “இவ்வரிசை எண்கள் யாவும் பகா எண்களே” என்று வகுப்பில் உறுதியாகச் சொன்னேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஆறாவது எண்ணை வகுத்துப் பார்த்தீர்களா, ஐயா?” என்றான். “பெரியோர் சொன்னது, உட்கார்” என்றேன்.

அதே வினாவை ஐரோப்பாவில் முன்னரே எழுப்பியவர் கோல்டுபாக். பெர்மாவின் கருத்தை அறிவீரா என்று அவர் 1729-இல் ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். சுவிட்சர்லாந்தில் பிறந்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணிபுரிந்த ஆய்லர், 1732-இல், தம் இருபத்தைந்தாம் வயதில் விடை கண்டார். நம் எண்ணை 641 மீதியின்றி வகுக்கும், ஈவு 67,00,417.

வெறும் வகுத்தலால் ஆராயப் புகுந்தால், 65,536-க்கு உட்பட்ட பகா எண்களே 6,542 உள்ளன. ஆனால், நம் எண்ணை வகுக்கும் எண் எதுவாயினும், அது 64-இன் மடங்கினும் ஒன்று மிகுந்தே இருக்கும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். இவ்வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்!

பெர்மாவின் கருத்து வீழ்ந்தது. அவ்வெண்களின் சிறப்பு வீழவில்லை. பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று 1796-இல் இளைஞர் காஸ் காட்டியபோது, பெர்மாவின் 17 புதுப்பெருமை பெற்றது. 65,537-க்கு அப்பால் இவ்வரிசையில் பகா எண் ஒன்றேனும் இன்றுவரை கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என நிறுவினாரும் இலர்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஒரு பழைய நூலில் இவற்றைப் படித்து நாணினேன். பள்ளி திறந்ததும் அம்மாணவனைத் தேடினேன். அவன் பள்ளியை விட்டுப் போயிருந்தான். அவனுக்குச் சொல்லவேண்டிய விடையை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இதையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். தாளும் எழுதுகோலும் எடுத்து, 67,00,417-ஐ 641-ஆல் பெருக்கிப் பாருங்கள்.